வெள்ளைக் கழுத்துக் கழுகு

என் அன்புக்கும் என் கோபத்துக்கும் ஒரே சொந்தக்காரரான அப்பாவுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில் நாற்பது வருடம் எதிரெதிரே உட்கார்ந்தும் அந்த ஒரு விஷயத்தை நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தை மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். இப்போது ஐப்பசி. இனிமேலும் பேசாமல் இருந்தால் அதற்கு மரியாதை என்று பெயர் இல்லை, கோழைத்தனம்தான்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நேற்று அக்டோபர் இருபத்துநாலு. உங்கள் ஜாம்பியாவின் சுதந்திர தினம் நம் குடியிருப்பின் மொட்டைமாடியில் நடந்தது. நடத்தியவன் நான். உங்கள் மருமகள் சுமதியே இன்னும் நம்பவில்லை. "மாமா மட்டும் பார்த்திருந்தா, முதல்ல உங்க நெத்தியத் தொட்டுக் காய்ச்சல் இருக்கான்னு பார்த்திருப்பாங்க" என்று இன்று காலையில்கூடச் சொன்னாள்.

இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிப்பார்கள். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த நீங்கள், எனக்கு எட்டு வயதாகும்போது டெபுடேஷனில் ஜாம்பியாவுக்குப் போனீர்கள். கப்வே என்ற ஊரில் ஆறு வருடம். அந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்து அப்போது பதினாலு வருடம்தான் ஆகியிருந்தது. "பதினாலு வயசுப் பையன் மாதிரி இருக்கு இந்த நாடு. காலையில பார்த்ததவிட சாயந்திரம் உசரமாத் தெரியுது" என்று ஏர்மெயிலில் எழுதியிருந்தீர்கள். அம்மா அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இங்கேயும் ஒருவன் வளர்ந்துகொண்டிருந்தான். அவன் உயரத்தை யார் பார்த்தார்கள்?

நான் உங்களுக்கு ஒரே பிள்ளை. ஆனால் எனக்கு மேலே ஒரு மூத்தவன் இருப்பதாக நினைத்துத்தான் நான் வளர்ந்தேன். அந்த நாடுதான் அவன். என்னைவிட ஆறு வயது மூத்தவன். அவனுக்குத் தண்டவாளம் வேண்டும், பெட்டிகளுக்குப் பிரேக் வேண்டும், உங்களுடைய பொங்கலும் தீபாவளியும் வேண்டும். எனக்கு வாரம் ஒரு கடிதம் எழுதினால் போதும். நானும் ஆறு வருடம் வாராவாரம் எழுதினேன்.

அந்த ஆறாவது வருடம் அம்மாவைத் தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தந்தி போயிற்று. உங்கள் நாட்டுக்கு அது இருபதாவது ஆண்டு விழா. நீங்கள் உடனே கிளம்பவில்லை. அக்டோபர் இருபத்துநாலு முடிந்துதான் கிளம்பினீர்கள். அம்மா அதற்கு மறுநாள் போய்விட்டாள். நீங்கள் வந்து சேர்ந்தபோது வீடு கழுவி முடிந்திருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "விழாவுக்கு ஒரு ஸ்பெஷல் ட்ரெயின் விட வேண்டியிருந்துச்சு. அத அனுப்பிட்டுக் கிளம்பலாம்னு இருந்துட்டேன்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பதினாலு வயது.

அதற்குப் பிறகு நீங்கள் திரும்பிப் போகவில்லை. அதனால் என்ன? நாடு உங்களோடு வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு அக்டோபரிலும் அந்த நாளில் மக்காச்சோள மாவைக் களியாகக் கிண்டுவீர்கள். ந்ஷிமா என்பீர்கள். பறங்கி இலையை வேர்க்கடலைப் பொடி போட்டு வேகவைப்பீர்கள். அம்மா படத்துக்குக் கீழே உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவீர்கள். தெருவில் உங்களுக்கு 'ஜாம்பியா சார்' என்று பெயர் வந்தது. பிறகு, திருச்சியில் படிக்க வந்த ஒரு ஜாம்பியாப் பையனைச் சத்திரம் பேருந்து நிலையத்தில் பார்த்துக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள். அடுத்த வருடம் மூன்று பேர். அப்புறம் பத்து, பதினைந்து. மாடியில் துணி காயப்போடும் கம்பியில் கொடி கட்டிப் பாடுவீர்கள்.

இதெல்லாம் சுமதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நாளில் நான் ஒருமுறைகூட வீட்டில் இருந்ததில்லை. காலையிலேயே டவுன் பஸ் பிடித்துத் தில்லை நகர் போய்விடுவேன். அம்மா இருந்த ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு ஓட்டல் உண்டு. ஜன்னலோரம் உட்கார்ந்து காபி, இன்னொரு காபி. எல்லோரும் போயிருப்பார்கள் என்று தெரிந்த பிறகுதான் திரும்புவேன். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவன் நான். ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்ற பாடத்தை எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். உங்கள் நாட்டை மட்டும் ஒரே வரியில் தாண்டிவிடுவேன். என் பழிவாங்கல் அவ்வளவு சிறியது.

அவ்வளவு மட்டும் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியம் இருந்திருக்காது. இன்னொன்றும் செய்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

அக்டோபர் தொடக்கத்தில் சாண்டா என்ற ஜாம்பியாப் பெண் வந்தாள். நர்ஸிங் நாலாம் வருடம். உங்கள் கடைசி மூன்று விழாவுக்கும் வந்தவள். வார்டில் நோயாளிகளிடம் கற்றுக்கொண்ட தமிழ், அதனால் எல்லோரையும் கட்டிலில் கிடப்பவர்கள் போலவே விசாரிப்பாள்.

"எப்படி இருக்கீங்க அங்கிள்? சாப்ட்டீங்களா? தூக்கம் வருதா?"

"எல்லாம் வருது. சொல்லும்மா."

"இந்த வருஷம் உண்டா, இல்லையா?"

"இல்லை" என்றேன். "அப்பாவோடு அது முடிந்தது."

அவள் வாதாடவில்லை. "பரவாயில்ல அங்கிள். ஹாஸ்டல்ல பண்ணிக்கறோம். அந்தக் கொடிய மட்டும் ஒரு நாளைக்குத் தருவீங்களா?"

"கொடிக்கென்ன, கடையில் புதிதாக வாங்கலாமே."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்க அம்மா தைச்ச கொடி மாதிரி கடையில கெடைக்குமா அங்கிள்?"

அப்பா, எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், சுமதிக்குத் தெரியும், இத்தனை வருடத்தில் அந்த மாடிக்கு வந்துபோன ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. சுமதி உங்கள் பெட்டியிலிருந்து அதை எடுத்துவந்து மேசைமேல் விரித்தாள். பச்சைத் துணி, ஓரத்தில் சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சுப் பட்டைகள். பட்டைகளுக்கு மேலே சிறகு விரித்த கழுகு. சங்கிலித் தையல். என் பள்ளிக்கூடப் பையில் என் பெயரை எழுதிய அதே தையல்.

"சார் ஒவ்வொரு வருஷமும் சொல்லுவாரு" என்று சாண்டா சொன்னாள். "கொடியோட படத்தக் கடிதத்துல வரைஞ்சு அனுப்பினாராம். ஆன்ட்டி எங்க ஊர்க் கழுகைப் பார்த்ததே இல்ல. கொள்ளிடத்துக்கு மேல பறக்குற கருடனைப் பார்த்துத் தைச்சு அனுப்பிட்டாங்க. அதான் கழுத்து வெள்ளை."

பார்த்தேன். உடம்பெல்லாம் ஆரஞ்சு நூல். தலையும் கழுத்தும் வெள்ளை. கருடனேதான்.

"அப்போ கொடி தப்புதானே?"

"கொடி தப்பு அங்கிள். பறவை சரி." அவள் சிரித்தாள். "கொடியிலதான் எங்க கழுகு முழுசா ஆரஞ்சு. ஆத்தோரத்துல போய்ப் பாருங்க, நெஜமான கழுகுக்குத் தலை வெள்ளைதான். சார் சொல்லுவாரு, எங்க எல்லாரையும்விட உங்க அம்மாதான் சரியாப் பார்த்தாங்கன்னு."

பிறகு, சாதாரணமாக, கொடியை மடித்துக்கொண்டே சொன்னாள். "அந்த ஸ்பெஷல் ட்ரெயின் இன்ஜின்ல கட்டினது இந்தக் கொடிதானே."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் உடனே நர்ஸாகிவிட்டாள். "தண்ணி குடிங்க. மெதுவா. மூச்ச இழுத்து விடுங்க" என்று மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரம் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கீங்க" என்று சான்றிதழும் கொடுத்தாள்.

அம்மா தைத்த கொடி இன்ஜினில் போவதைப் பார்க்கத்தான் இருந்தீர்களா? இருந்து பார்த்துவிட்டு வரச் சொல்லி அவளே எழுதியிருந்தாளா? இல்லை, தந்தியில் இருந்த நான்கு சொற்களை வைத்து அவள் எவ்வளவு முடியாமல் இருக்கிறாள் என்று உங்களுக்குப் புரியவில்லையா? ஊரார் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொன்ன கதையை, ஒரு தடவை தில்லை நகர் ஓட்டலுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாமே. நான் எங்கே போகிறேன் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

சாண்டாவிடம் கொடியைக் கொடுக்கவில்லை. "ஹாஸ்டலில் வேண்டாம். இங்கேயே வாருங்கள்" என்றேன்.

"ஹால்லயா அங்கிள்?"

"ஏன்?"

"நான் வந்த மூணு வருஷமும் ஹால்லதான். கர்ட்டன் கம்பியில தொங்கும். இந்தக் கொடி காத்துல ஆடி நான் பார்த்ததில்ல. அடுத்த வருஷம் நான் ஊருக்குப் போயிடுவேன்."

விழா மாடியிலிருந்து ஹாலுக்கு இறங்கியது ஏன் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அன்றே குடியிருப்போர் சங்கச் செயலாளர் வரதன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"என்ன சார், அதிசயமா இருக்கு! நீங்க வந்து மாடி கேக்கறீங்க?"

"கேக்கக் கூடாதா?"

"தாராளமாக் கேக்கலாம். ஆனா தீர்மானம் இருக்கே. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மொட்டைக் கடுதாசி வந்துச்சு. மாடியில வெளிநாட்டுக் கொடி ஏத்தக் கூடாதுன்னு. உங்க அப்பாவே ஒத்துக்கிட்டாரு." பீரோவிலிருந்து கோப்பை எடுத்துப் பிரித்து என் முன்னால் வைத்தார். "பாருங்க."

பார்த்தேன். வழக்கத்துக்கு மாறாகச் சாய்த்து எழுதிய எழுத்து. புனிதமான ஸ்ரீரங்கத்தில் அந்நியக் கொடி பறக்கலாமா என்று கேட்டிருந்தது. 'நாட்டுப்பற்று' என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. கடைசியில் 'இங்கே குடியிருக்கும் ஒருவன்' என்று முடித்து, கையெழுத்து இல்லாமல் விட்டிருந்தது. நான் எழுதியதுதான் அப்பா. ஸ்ரீரங்கம் தபால் நிலையத்துச் சிவப்புப் பெட்டியில் என் கையால் போட்டேன்.

அதன் பின்னால் இன்னொரு தாள் குத்தியிருந்தது. அதை நான் அதுவரை பார்த்ததில்லை. உங்கள் கை. "கடிதம் எழுதியவர் சொல்வதை ஏற்கிறேன். இனி மாடியைக் கேட்கமாட்டேன். எழுதியவர் யார் என்று யாரும் தேட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது." கீழே உங்கள் கையெழுத்து, வீட்டு எண்ணோடு.

ஆறு வருடம் வாராவாரம் என் கடிதத்தைப் படித்தவரிடம், சாய்த்து எழுதினால் தப்பித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். அந்தத் தாளை எழுதிவிட்டு வந்து அன்றும் என் எதிரில் உட்கார்ந்துதானே சாப்பிட்டிருப்பீர்கள்? ரசம் இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டிருப்பீர்கள்.

"இதை எழுதினது நான்தான் சார்" என்றேன்.

வரதன் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா! மூணாவது மாடி ஆடிட்டர்னு நெனச்சு நான் அஞ்சு வருஷமா அவர்கூடப் பேசறதில்லயே சார்! அவர் பொண்ணு கல்யாணத்துக்குக்கூடப் போகல!"

"இப்ப பேசுங்க."

"என்னன்னு பேசறது? 'சும்மாதான் கோவிச்சுக்கிட்டேன்'னா?" கோப்பை மூடினார், மறுபடி திறந்தார். "பெத்த அப்பா மேலயே மொட்டைக் கடுதாசி போட்ட ஆளை இப்பத்தான் சார் பாக்கறேன். சரி, போட்டவரே வாபஸ் வாங்கினா தீர்மானம் எதுக்கு? எழுதிக் குடுங்க. இந்தத் தடவையாவது கையெழுத்துப் போடுங்க."

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன்.

பிறகு சமையல். கடையில் ஐந்து கிலோ மக்காச்சோள மாவு வாங்கிவந்து பெருமையாக வைத்தேன். சாண்டா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மஞ்சளா! இது கோழிக்குப் போடறது அங்கிள். எங்க ஊர்ல பஞ்சம் வந்து எங்கிருந்தாவது கப்பல்ல வந்தாதான் மஞ்சள் மாவு திம்பாங்க. சுதந்திர தினத்துக்கு வெச்சா எங்க அம்மா என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க." வெள்ளை மாவு எங்கே கிடைக்கும் என்று சுமதியிடம் கேட்டேன். "மாமா உப்பிலியபுரம் பஸ்ஸுல போவாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றாள்.

போனேன். மூன்று பேரிடம் விசாரித்து, உங்களுக்கு வெள்ளைச் சோளம் கொடுத்துவந்த விவசாயியைக் கண்டுபிடித்தேன். நீங்கள் இல்லை என்ற செய்தியை நான்தான் அவரிடம் சொல்லவேண்டியிருந்தது. தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "ஐயா கேட்டாருன்னு ரெண்டு பாத்தி வெள்ளையாப் போடுவேன். இந்த வருசமும் போட்டுட்டேன். வேற யாரும் வாங்கமாட்டாங்க, நீங்க வந்தது நல்லதாப்போச்சு" என்றார். நான் கிளம்பும்போது கேட்டார். "அடுத்த வருசத்துக்கும் போடவா?"

"போடுங்க" என்றேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

நேற்று காலையிலிருந்தே மழை பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். வரதன் சாவியோடு வந்து மாடிக் கதவைத் திறந்துவிட்டார். பின்னாலேயே மூன்றாவது மாடி ஆடிட்டர் குடையோடு ஏறிவந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே குடையில் நின்றார்கள். கொடியை நான்தான் கம்பியில் கட்டினேன். முடிச்சு சரியில்லை என்று ஒரு பையன் அவிழ்த்து மறுபடி கட்டினான். பாட ஆரம்பித்தபோது கொள்ளிடம் பக்கமிருந்து காற்று வந்தது, தூறலும் வலுத்தது. கொடி ஒரு உதறு உதறி நிமிர்ந்தது. சாண்டா பாட்டை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் எதிர்பார்ப்பதுபோல் வானத்தில் கருடன் எதுவும் வட்டமிடவில்லை. வந்திருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். கம்பியில் ஒன்று இருந்தது, அது போதும்.

களி கொஞ்சம் கட்டி தட்டிவிட்டது. சுமதி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "மாமா கிண்டினது இதைவிட மோசம்" என்று எனக்காகச் சொன்னாள். ஆடிட்டர் மூன்றாவது தடவை பறங்கி இலை கேட்டு வாங்கினார். "ரெண்டு நாடுகளுக்கு நடுவுல சமாதானம் ஆனாப்பலதான் இருக்கு" என்று வரதன் யாரிடமும் சொல்லாததுபோல் சொன்னார். அதற்கு ஆடிட்டர், "யார் சண்டை போட்டா?" என்றார்.

இதையெல்லாம் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் அப்பா. நீங்கள் அன்றே கிளம்பியிருக்க வேண்டும். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. கொடி அழகாக இருக்கிறது என்பதால் அம்மா தனியாகக் கிடந்த அந்த நாட்கள் குறைந்துவிடாது. நான் எழுதிய அந்தக் கடிதமும் எழுதாததாக ஆகிவிடாது. உங்களிடம் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. இப்போது என்னிடம் உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. இரண்டும் அப்படியே இருக்கட்டும். அவற்றை வைத்துக்கொண்டே கொடி கட்ட முடியும் என்று நேற்று தெரிந்துகொண்டேன்.

இன்று அம்மாவின் நாள். கோயில் பக்கம் போய்விட்டு வந்தேன். நேற்று நனைந்த கொடி பால்கனியில் காய்கிறது. தையல் எங்கேயும் பிரியவில்லை, சாயமும் இறங்கவில்லை. காய்ந்ததும் மடித்து உங்கள் பெட்டியில் வைக்கப்போவதில்லை. அம்மா படத்துக்குக் கீழே இருக்கும் அலமாரியில் வைக்கப்போகிறேன், என் கைக்கு எட்டும் உயரத்தில்.

உங்களுக்கு வாக்குத் தருகிறேன். நான் நடமாடும் வரை அக்டோபர் இருபத்துநாலு மாடியில் நடக்கும். ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் நடக்கும், ஒருவரும் வராவிட்டாலும் நடக்கும். மாவு வெள்ளையாக இருக்கும். தில்லை நகர் ஓட்டலுக்கு இனி மற்ற நாட்களில் மட்டும் போவேன். வகுப்பில் உங்கள் நாட்டுக்கு இனி ஒரு வரி இல்லை, முழுசாக ஒரு மணி நேரம்.

இதைச் சங்கத்தின் பெயருக்குத் தபாலில் அனுப்புகிறேன், லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லி. போன முறை மாதிரியே ஸ்ரீரங்கம் தபால் நிலையத்துச் சிவப்புப் பெட்டியில்தான் போடுவேன். என் வழக்கமான எழுத்தில், சாய்க்காமல் எழுதியிருக்கிறேன். கையெழுத்து மட்டும் போடப்போவதில்லை. வரதனுக்குக் கொடுத்த தாளில் என் பெயர் இருக்கிறது, தேடுகிறவர்களுக்கு அது போதும். உங்களுக்கு எப்போதுமே என் பெயர் தேவைப்பட்டதில்லை.

இப்படிக்கு,
உங்கள் இளைய மகன்